காத்திருப்பதற்கும் கட்டணம் உண்டு

கரீபியன் கடலில் சுமார் 16,000 பேர் வாழும் தீவு அங்குவிலா. இணையத்தில் அதற்கு ஒதுக்கப்பட்ட நாட்டுக் குறியீடு தற்செயலாக 'ஏஐ'. 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்ததும் அந்த இரண்டெழுத்துக்கு யோகம் அடித்தது. 2023-ல் டாட் ஏஐ பெயர்களால் தீவு அரசுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 3.2 கோடி டாலர். அதே ஆண்டு 'யூ டாட் ஏஐ' 7 லட்சம் டாலருக்குக் கைமாறியது. டாட் காம் அல்லாத டொமைன்களை மறுவிற்பனைக்காக வாங்கி ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பவர்கள் விரும்பிச் சொல்லும் கதை இது.

கதை பொய்யில்லை. நல்ல ஒற்றைச் சொற்கள் டாட் காமில் எப்போதோ தீர்ந்துவிட்டன. 2019-ல் 'வாய்ஸ் டாட் காம்' விற்ற விலை 3 கோடி டாலர். 2015-ல் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டே 'ஏபிசி டாட் எக்ஸ்ஒய்இசட்' முகவரியைத்தான் எடுத்துக்கொண்டது. மாற்றுப் பெயர்களுக்குத் தேவை வரும் என்ற கணிப்பு சரிதான்.

பிசகுவது காலக்கணக்கு. டொமைனை யாரும் சொந்தமாக வாங்குவதில்லை, வாடகைக்கு எடுக்கிறோம். டாட் காமின் மொத்த விற்பனை விலையை எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு ஒப்பந்தத்தில் உச்சவரம்பு இருக்கிறது. இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பின் 2012 சுற்றில் பிறந்த புது எக்ஸ்டென்ஷன்களுக்கு அது கிடையாது. புதுப்பிப்புக் கட்டணத்தை உயர்த்த முன்னறிவிப்பு கொடுத்தால் போதும். 2017-ல் யூனிரெஜிஸ்ட்ரி என்ற பதிவகம் சில எக்ஸ்டென்ஷன்களின் விலையைப் பல மடங்கு ஏற்றியது வீண் பயமல்ல, நடந்த கதை. டாட் ஏஐயோ ஐகேன் ஒப்பந்தத்துக்குள்ளேயே வராது. விலை தீவு அரசின் கையில்.

2023-ல் டாட் ஏஐ கட்டணம் இரண்டு ஆண்டுக்கு 140 டாலர். நூறு பெயர் வைத்திருப்பவர் ஆண்டுக்கு 7,000 டாலர் எடுத்து வைக்க வேண்டும். ஆண்டுக்கு நூறில் ஒன்று விற்றால், தரகு போக அது 7,000-ஐத் தாண்டினால்தான் முதலுக்கு மோசமில்லை. ஐந்தாண்டு எதுவும் விற்காவிட்டால் 35,000 போச்சு. பெயர் விற்றாலும் விற்காவிட்டாலும் பதிவகத்துக்கு வருமானம் நிற்பதில்லை. இந்த ஆட்டத்தில் உறுதியான லாபம் அதற்குத்தான் என்பது என் எண்ணம்.

நாட்டுக் குறியீட்டில் அரசியல் ஆபத்து வேறு. நாடு மறைந்த பின் யூகோஸ்லாவியாவின் டாட் ஒய்யூ 2010-ல் நீக்கப்பட்டது. அதேபோல் மறைந்த சோவியத்தின் டாட் எஸ்யூவோ இன்னும் உயிரோடிருக்கிறது. சாகோஸ் தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைப்பதாக 2024-ல் பிரிட்டன் அறிவித்ததும் அந்தத் தீவுகளின் குறியீடான டாட் ஐஓ வைத்திருந்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது இதனால்தான். ஆபத்து இருக்கட்டும், வாங்க ஆளும் வேண்டுமே. தமிழிலேயே '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' இருக்கின்றன, ஆனால் மறுவிற்பனைச் சந்தை என்று சொல்லத்தக்க எதுவும் என் கண்ணில் படவில்லை.

வாடகைத் தொல்லையே வேண்டாம் என்பவர்கள் பிளாக்செயின் பெயர்களைக் காட்டுகிறார்கள். அன்ஸ்டாப்பபிள் டொமைன்ஸ் என்ற நிறுவனம் விற்ற டாட் கிரிப்டோ பெயருக்கு ஒரே தடவை பணம், புதுப்பிப்பே இல்லை. பத்தாண்டு வேண்டுமானாலும் காத்திருக்கலாம். ஆனால் குரோம் உலாவியில் அதைத் தட்டினால் தானாகப் பக்கம் திறக்காது. கடை நடத்துகிறவர் அதை எதற்கு விலை கொடுத்து வாங்கப்போகிறார்?