குறை சொல்லும் உரிமை: தோற்கிற ஆட்டமும் டீக்கடைப் பேச்சும்

1

கிரிக்கெட் பற்றி நமது முற்போக்கு வட்டங்களில் பேசப்படுவதை மூன்று வாக்கியங்களில் அடக்கிவிடலாம். அது காலனியம் விட்டுச்சென்ற எச்சம். அது பார்ப்பன – மேல்சாதி ஆட்டம். அது பன்னாட்டு மூலதனம் ஊட்டுகிற அபின். மூன்றும் பொய்யில்லை. ஆனால் மூன்றுமே ஆட்டத்தைப் பற்றியவை, ஆடுகிறவர்களைப் பற்றியவை, ஆட்டுவிக்கிறவர்களைப் பற்றியவை. பார்க்கிறவர்கள் பார்த்துக்கொண்டே பேசுகிறார்களே, அந்தப் பேச்சைப் பற்றி ஒரு வரி கிடையாது. எழுதியவனைவிட வாசிக்கிறவனே பிரதியை உண்டாக்குகிறான் என்று பக்கம் பக்கமாக எழுதிய விமர்சனம், கிரிக்கெட் என்று வந்ததும் பார்வையாளனை வாய்பிளந்து உட்கார்ந்திருக்கும் பிண்டமாக ஆக்கிவிடுகிறது. ஏன்?

அந்தப் பேச்சை, அதிலும் தோற்கிற ஆட்டத்தின் பேச்சை, ஒரு பிரதியாக வைத்து வாசிக்கலாம் என்பது என் யோசனை. ஜெயிக்கும்போது இருப்பது பேச்சல்ல, வெறும் சத்தம். விசில், வெடி, ஒரே குரல். ஆட்டம் கையைவிட்டுப் போகப் போகத்தான் வாய்கள் திறக்கின்றன. குரல்கள் பலவாகின்றன. யார் யாரைப் பழிக்கலாம், யார் வாய்மூட வேண்டும் என்கிற கணக்கும் அப்போதுதான் வெளியே வருகிறது.

நான் எடுத்துக்கொள்ளும் களம் வந்தவாசி. பக்கத்து ஆரணிக்குப் பட்டு என்றால் இந்த ஊருக்குக் கோரைப்பாய். பாடப்புத்தகத்தில் வேறு காரணத்துக்காக வரும். 1760 ஜனவரி 22 அன்று அயர் கூட்டின் ஆங்கிலப் படையும் லாலியின் பிரெஞ்சுப் படையும் இங்கே மோதின. தென்னிந்தியா யாருக்கு என்பது ஏறத்தாழ அன்றே தீர்ந்துபோனது. இரண்டு பக்கமும் உள்ளூர்ச் சிப்பாய்கள் இருந்தார்கள். ஆனால் 'நாம்' என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு எந்தப் பக்கம் இருந்தது? ஜெயித்தவன் பின்னால் கொண்டுவந்த ஆட்டத்தை இன்று அந்தக் கோட்டை ஊரின் டீக்கடையில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் 'நாம' என்கிறார்கள். அந்தச் சொல் எப்படி உண்டாகிறது, எங்கே உடைகிறது என்பதுதான் கேள்வி.

2

2025 ஏப்ரல் 11. சேப்பாக்கத்தில் சென்னை சூப்பர் கிங்ஸும் கொல்கத்தா நைட் ரைடர்ஸும். வரிசையாக நாலு ஆட்டம் தோற்றுவிட்டு வந்த சென்னை அணி, 20 ஓவரில் 9 விக்கெட் இழந்து 103 எடுத்தது. சேப்பாக்கத்தில் அந்த அணி எடுத்த மிகக்குறைந்த ரன் அது. சுனில் நரைன் 13 ரன் கொடுத்து 3 விக்கெட். தோனி 9ஆவது ஆளாக இறங்கி 4 பந்தில் 1 ரன். கொல்கத்தா 10.1 ஓவரில் முடித்துவிட்டுப் போய்விட்டது. எரிச்சலூட்டும் ஆட்டம் என்றால் இதுதான். பரபரப்பாகத் தோற்றால் ஒரு சோகமாவது மிஞ்சும். இங்கே அதுவும் இல்லை. பந்து பந்தாகத் தேய்ந்து போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அன்றைய பெஞ்சுப் பேச்சில் முதலில் காதில் விழுவது இலக்கணம். டாஸ் போடுமுன், 'இன்னிக்கு நாம அடிச்சி தூக்கறோம்.' அஞ்சாவது ஓவரில், 'இன்னாடா இவனுங்க இப்டி தடவுறானுங்க?' பத்தாவது ஓவர் தாண்டியதும், 'அவனுங்களுக்கு இன்னாப்பா, துட்டு வந்துருது. நாம இங்க குந்திகினு வயிறெரியறோம்.' நாம, இவனுங்க, அவனுங்க. ஒரு மணி நேரத்துக்குள் தன்மையிலிருந்து படர்க்கைக்கு ஒரு பயணம். முடிவில் அந்த 'நாம' அணியைவிட்டுப் பிரிந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் குறிக்கத் தொடங்கிவிடுகிறது. கோடிகளுக்கும் டீக்காசுக்கும் உள்ள தூரத்தை யாரும் பாடம் எடுத்துச் சொல்லவில்லை. மோசமான ஆட்டம் சொல்லிவிட்டது.

இரண்டாவது, கிரீடம் கழற்றுவது. பக்தின் திருவிழாச் சிரிப்பைப் பற்றிப் பேசும்போது முடிசூட்டலும் முடிகழற்றலும் ஒரே சடங்கின் இரண்டு பக்கம் என்றார். சென்னை ரசிகர்களுக்கு தோனி 'தல'. அவர் 9ஆவதாக இறங்கியதும் ஒரு பையன் சொன்னான்: 'தல இப்ப வாலாயிடுச்சு மாமே.' பெஞ்சே சிரித்தது. அதே பையன் சட்டை 7ஆம் நம்பர் மஞ்சள் சட்டை. இதை முரண்பாடு என்று எழுதிவிட முடியாது. கும்பிடுகிறவனுக்குத்தான் கேலி செய்யும் உரிமை உண்டு என்பது நம்ம ஊர் சாமிகளுக்கும் பொருந்துகிற நியாயம்.

மூன்றாவது, எதிரியின் திறமைக்குக் கிடைக்கிற மரியாதை. 'இன்னாமா போட்றான்யா அந்தாளு!' நரைனைப் பற்றிச் சொன்னது. தன் ஆள் ஆடாதபோதுதான் பந்து எப்படித் திரும்புகிறது என்று கண் பார்க்கிறது. தோல்வி பார்வையைக் கூர்மையாக்குகிறது.

இந்தப் பேச்சுக்குத் தொழில்நுட்பம் வேட்டு வைத்துக்கொண்டிருப்பதையும் சொல்லணும். கடையில் டி.வி. உண்டு, பாதிப் பேர் கையில் போன். போனில் படம் சில வினாடி பின்தங்கி வருகிறது. டி.வி. பக்கம் 'போச்சுடா' என்று கத்தியபின் இங்கே பந்துவீச்சாளர் ஓடி வருகிறார். ஒரே பெஞ்சு, இரண்டு நேரம். வானலைகள் பொதுச்சொத்து என்று உச்சநீதிமன்றம் 1995இல் சொன்னதும் ஒரு கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில்தான். 2022 ஜூனில் ஐ.பி.எல்லின் அஞ்சு வருட ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விலைபோனது. படம் வாங்கியவனுடையது. புலம்பல் மட்டும்தான் இன்னும் பொதுச்சொத்து.

3

அன்று பெஞ்சில் இருந்தவர்களைச் சொல்கிறேன். பாய் வியாபாரம் செய்கிற ஒரு முஸ்லிம் பெரியவர், தறி வைத்திருக்கிற ஒருவர், காலனியிலிருந்து வரும் எலக்ட்ரீஷியன், செய்யாறு சிப்காட்டுக்கு ஷிப்டு போகிற மூணு பையன்கள். எல்லோரும் திட்டினார்கள். சம உரிமையோடு திட்டினார்கள். பாய்தான் எல்லோரையும்விட அதிகமாகத் திட்டினார். அவர் எழுந்தபோது 'குந்து பாய், நீ போயிட்டா யாரு கேக்கறது இவனுங்கள' என்று பையன்கள் இழுத்து உட்கார வைத்தார்கள்.

இந்தியா – பாகிஸ்தான் ஆட்டம் நடக்கிற நாளில் அதே பெஞ்சுக்கு வாருங்கள். அதே ஆட்கள்தான். யாரும் யாரையும் எதுவும் சொல்லிவிடவில்லை. பாய் கொஞ்சம் தாமதமாக வருகிறார், கொஞ்சம் ஓரமாக உட்காருகிறார். விக்கெட் விழுந்து பையன்கள் வாயில் வந்தபடி வைகிறபோது அவர், 'பரவால்லப்பா, ஜெயிச்சிருவோம்' என்கிறார். அந்த பெஞ்சிலேயே நம்பிக்கை இழக்க உரிமை இல்லாத ஆள் அவர் ஒருவர்தான். வேறொருவர் கேப்டனைத் திட்டினால் அது விமர்சனம். அவர் திட்டினால்? அந்தக் கேள்வி பெஞ்சில் எழுவதற்கு முன்பே அவருக்குள் எழுந்துவிடுகிறது. அதிகாரம் என்பது லத்தியோடு வந்து நிற்பது மட்டுமல்ல. ஒரு மனுஷனைச் சதா நம்பிக்கையோடு இருக்க வைப்பதும் அதிகாரம்தான்.

இதற்கு ஒரு சர்வதேச வரலாறு உண்டு. 1990இல் பிரிட்டிஷ் கன்சர்வேடிவ் தலைவர் நார்மன் டெபிட், குடியேறியவர்கள் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்பதை வைத்து விசுவாசத்தை அளக்கலாம் என்றார். வெள்ளையர் நாட்டில் நம்மவர்களுக்கு எதிராகக் காய்ச்சிய சரக்கு அது. இங்கே அதைச் சொந்தச் சரக்காகவே ஆக்கிக்கொண்டோம். 2014 மார்ச்சில் மீரட்டில், பாகிஸ்தான் ஜெயித்ததற்குக் கைதட்டியதாகச் சொல்லி 60க்கும் மேற்பட்ட காஷ்மீர் மாணவர்கள் பல்கலைக்கழகத்திலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். தேசத்துரோக வழக்கும் போடப்பட்டு, பிறகு அந்தப் பிரிவு கைவிடப்பட்டது. 2021 அக்டோபர் 24 அன்று துபாயில் இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்தில் பாகிஸ்தானிடம் தோற்றது. பதினோரு பேரும்தான் தோற்றார்கள். வசைமாரி முகமது ஷமி மேல் பொழிந்தது.

மதத்தோடு நிற்பதில்லை இது. அதே வருடம் ஆகஸ்ட் 4 அன்று டோக்கியோ ஒலிம்பிக் ஹாக்கி அரையிறுதியில் இந்தியப் பெண்கள் அர்ஜென்டினாவிடம் தோற்றபோது, ஹரித்துவார் அருகே ரோஷனாபாத்தில் வந்தனா கட்டாரியா வீட்டு முன்னால் மேல்சாதி ஆண்கள் வெடி வெடித்தார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோல்வி என்று ஏசினார்கள். நாலு நாள் முன்புதான் அவர் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்திருந்தார். ஜெயித்தால் 'நாம', தோற்றால் 'அவ'. வந்தவாசி பெஞ்சில் கேட்ட அதே இலக்கணம்தான். அங்கே அது துட்டு உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் நடுவில் கோடு கிழித்தது. இங்கே சாதிக்கோடு.

தோல்வி ஒரு 'நாம'வை உடைக்கும். உடைந்த இடத்தில் ரெண்டு வழி திறக்கும். ஒன்று சிரிப்பும் விமர்சனமும். இன்னொன்று துரோகியைத் தேடுவது. எந்த வழி என்பது ரசிகனின் குணத்தைப் பொறுத்ததல்ல, அந்த 'நாம' எதைக்கொண்டு கட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது.

4

உடனே சேப்பாக்கத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள். 1999 ஜனவரி 31. இலக்கு 271. முதுகுவலியோடு டெண்டுல்கர் 136. அவர் ஆட்டமிழந்தபின் நாலு ரன்னுக்குள் மிச்சமும் சரிந்து 12 ரன்னில் தோல்வி. அதே மாதம் டெல்லி மைதானத்தின் ஆடுகளத்தைச் சிவசேனைக்காரர்கள் கொத்திப் போட்டிருந்தார்கள். அந்தச் சூழலில் சேப்பாக்கம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. அந்த அணி மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தது.

பெரிய விஷயம்தான். ஆனால் இதைத் தமிழனின் பண்பாட்டு மேன்மையாக்கிப் பெருமைப்படுவதில் எனக்குச் சம்மதமில்லை. கைதட்டியவர்கள் ஆட்டம் தெரிந்தவர்கள். சக்லைன் முஷ்டாக் ரெண்டு இன்னிங்ஸிலும் அஞ்சஞ்சு விக்கெட் எடுத்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். நரைனைப் பார்த்து 'இன்னாமா போட்றான்யா' என்று வந்தவாசி பெஞ்சு சொன்னதன் பெரிய வடிவம் அது. தேசம் கொஞ்ச நேரம் வழிவிட்டால் எந்த ஊரும் செய்யக்கூடியது. வழிவிடுவது குறைந்துகொண்டே வருகிறது என்பதுதான் சங்கதி. 2025 செப்டம்பரில் துபாயில் ஆடிய இந்திய வீரர்கள் பாகிஸ்தான் வீரர்களோடு கைகுலுக்கக்கூட இல்லை.

அப்படியானால் முஸ்லிமும் தலித்தும் தயங்காமல் திட்ட முடிகிற சிஎஸ்கேதான் நமது குடியரசா? அதுவும் இல்லை. அந்த 'நாம' ஒரு சிமெண்ட் கம்பெனி 2008இல் ஏலத்தில் எடுத்தது. சூதாட்ட விவகாரத்தில் 2016, 2017 ரெண்டு வருடம் தடைபட்டது. திரும்பி வந்த 2018இல் காவிரிப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தில் வெளியே மறியல், உள்ளே செருப்பு வீச்சு. மீதி ஆட்டங்கள் புனேவுக்குப் போயின; ரசிகர்கள் ரயிலேறி அங்கேயும் போனார்கள். மஞ்சள் 'நாம'வும் காவிரி 'நாம'வும் ஒரே வீட்டுக்குள் மோதிக்கொண்டன. மஞ்சள் 'நாம'வுக்கு ரத்தபாசம் கிடையாது, புனித வரலாறு கிடையாது. அதனால்தான் யாரும் திட்டலாம். அதே காரணத்தால் அந்தத் திட்டு யாரையும் எட்டுவதும் இல்லை. திட்ட உரிமை உண்டு, கேட்க ஆள் கிடையாது.

5

திட்டு கோரிக்கையாக மாறிய இடம் ஒன்றைச் சொல்கிறேன். 1960 ஜனவரியில் டிரினிடாட். இங்கிலாந்துக்கு எதிராக மேற்கிந்தியத் தீவுகள் சுருண்டுகொண்டிருந்தது. 98 ரன்னில் 8ஆவது விக்கெட்டாக சரண் சிங் ரன் அவுட் ஆனதும் மைதானத்துக்குள் பாட்டில்கள் பறந்தன. காலிகளின் வேலை என்றார்கள் கனவான்கள். அங்கே பத்திரிகை நடத்திக்கொண்டிருந்த சி.எல்.ஆர். ஜேம்ஸ் அந்தக் கோபத்தை வேறு விதமாக வாசித்தார். கறுப்பர்கள் நிறைந்த அணிக்கு வெள்ளையரே தலைவர் என்கிற ஏற்பாட்டின் மேல் உள்ள கோபம் அது என்றார். பிராங்க் வோரல் தலைவராக வேண்டும் என்று விடாமல் எழுதினார். அடுத்த ஆஸ்திரேலியப் பயணத்தில், ஒரு முழுத் தொடருக்கு நியமிக்கப்பட்ட முதல் கறுப்பினத் தலைவரானார் வோரல். பாட்டில் வீசியவனின் பேச்சுக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது என்று நம்பிய விமர்சனம் செய்த வேலை இது. 1996 மார்ச் 13 அன்று ஈடன் கார்டனிலும் பாட்டில்கள் பறந்தன. 120க்கு 8 என்ற நிலையில் ஆட்டம் இலங்கைக்குக் கொடுக்கப்பட்டது. அதை வெட்கக்கேடு என்று எழுதியவர்கள் அநேகம். வாசித்தவர்கள் யார்?

நமக்கும் முன்னோடி இருக்கிறார். தலித் பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலு 1911இல் இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்துத் திரும்பினார். அவர் பந்து வேண்டும். அவருக்கு டீ மட்டும் பெவிலியனுக்கு வெளியே மண்குவளையில். இன்று வந்தவாசியைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளில் நடக்கும் டென்னிஸ்பந்து டோர்னமென்ட்களில் தெரு டீம் தனி, காலனி டீம் தனி. தெரு டீம் தோற்கிற நாளில் யார் சிரிக்கலாம், யார் சிரித்தால் வம்பு என்பது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று, நான் விவரித்த பெஞ்சில் பெண் கிடையாது. 2025 நவம்பர் 2 அன்று இந்தியப் பெண்கள் அணி தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று உலகக்கோப்பை வாங்கிய இரவிலும் அது ஆண்கள் பெஞ்சாகவே இருந்தது. சம உரிமையோடு திட்டினார்கள் என்று மேலே எழுதினேனே, அந்தச் சமத்துவத்தின் எல்லை அவ்வளவுதான்.

குடியுரிமையை வாக்குச்சீட்டை வைத்து அளக்கிறோம், அடையாள அட்டையை வைத்து அளக்கிறோம். எவன் தயக்கமில்லாமல் குறை சொல்லலாம் என்பதை வைத்தும் அளக்க வேண்டும். தோற்கிற ஆட்டம் அந்த அளவுகோலை இலவசமாகத் தருகிறது. அபின் என்று சொல்லிவிட்டு நண்பர்கள் எழுந்து போய்விட்டால் அந்த இடத்தில் வேறு ஆட்கள் வந்து உட்காருவார்கள். துரோகி யார் என்று கைகாட்ட அவர்கள் தயாராக இருக்கிறார்கள். இந்தியா – பாகிஸ்தான் ஆட்டத்தன்றும் நாம் பெஞ்சை விட்டுப் போகக்கூடாது. இந்தியா தடவிக்கொண்டிருக்கிற நேரத்தில், பாய் வாய் திறப்பதற்கு முன்னால், முதல் திட்டு நம் வாயிலிருந்து வரட்டும். 'பரவால்லப்பா' என்று சொல்லியே தீர வேண்டிய பாரத்திலிருந்து அவருக்கு அன்றைக்கு ஒருநாள் விடுப்பு கிடைக்கும்.