எப்படித் தெரியும்?

கருவேப்பிலங்குறிச்சி டீக்கடையில் ஒருவர் "வெள்ளாத்துல தண்ணி வந்துடுச்சாம்" என்றால், அவர் ஆற்றங்கரைக்குப் போகவில்லை என்பது அந்த 'ஆம்' விகுதியிலேயே தெரிந்துவிடும். யார் சொன்னது என்பது மட்டும் தெரியாது.

இந்த வசதியை விரிவாக்கி வைத்திருக்கிறது லோஜ்பான். ஜேம்ஸ் குக் பிரவுன் 1955இல் தொடங்கிய லோக்லான் என்ற செயற்கை மொழியிலிருந்து 1987இல் பிரிந்து வளர்ந்த தர்க்க மொழி அது. கண்டதற்கு 'ஸஹா', கேள்விப்பட்டதற்கு 'திஹே', ஊகித்ததற்கு 'ஜஹோ' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுஞ்சொல். கனவிலோ உள்ளுணர்விலோ தோன்றியதற்குக்கூடத் தனிச்சொல் உண்டு. இரண்டசைக்குள் சான்று சொல்லிவிடலாம் என்பது பெரிய சிக்கனம்.

ஆனால் சோதித்துப் பார்த்தால் தடுமாறுகிறது. விருத்தாசலத்துப் பீங்கான் கோப்பையைச் சுண்டிப் பார்த்து விரிசல் இல்லை என்கிறார் வியாபாரி. கேட்டது ஓசை, விரிசலின்மை அவர் ஊகம். லோஜ்பானின் 'ஸஹா'வை, அதாவது 'கண்டேன்' என்ற குறிப்பை அவர் ஒட்டினால், "பொய்" என்று மறுப்பவர் விரிசலைப் பற்றித்தான் மறுக்க முடியும். குறிப்பு மறுப்புக்கு வெளியே தப்பிவிடுகிறது. கூற்றின் உறுப்பாக அது இல்லாததே காரணம். அதே மொழியில் 'அறி' என்னும் பொருள்தரும் 'ஜூனோ'வுக்கு நான்காவது நிரப்பிடம் ஒன்று உண்டு: எந்த வழியில் அறிந்தது என்பதற்கு. அது கூற்றுக்குள்ளேயே இருப்பதால் வழக்காடலாம். என் ஓட்டு இதற்குத்தான். என்ன, அந்த இடத்தை நிரப்பாமலும் பேசிவிடலாம்!

அளவை என்பது அறியும் வழி. அதை ஆராய்ந்த நம் அளவை நூலார் வேறு பக்கத்திலிருந்து வந்தவர்கள். சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் பிறந்த பெண்ணாடம் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்து ஊர்தான். அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியார் 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரில் பத்து அளவைகளைச் சொல்லி, அவற்றைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறார். பத்தில் ஒன்றான ஐதிகம், வழிவழியாக வந்த, சொன்னவர் பெயரற்ற செய்தி. டீக்கடைப் பேச்சுக்கு அது பொருந்தும். மணிமேகலைக் காப்பியத்தின் அளவைவாதியோ பத்து அளவைகளோடு எட்டுக் குற்றங்களையும் அடுக்குகிறான்: திரித்துக் கொள்ளுதல், ஐயம், தேராமல் தெளிதல் இப்படி. லோஜ்பானின் குறுஞ்சொற்களில் இல்லாதது இந்தக் குற்றப்பட்டியல்தான். கண்டேன் என்று சொல்ல வழி இருக்கிறது, தவறாகக் கண்டாய் என்று வகைப்படுத்த இல்லை.

அதற்காக நம்மவர்களை உயர்த்திப் பிடிக்கவும் முடியாது. அவர்கள் கருவி வாதமேடைக்கானது. சந்தையில் பேரம் பேசுகிறவர் நாவுக்கு அது இறங்கவே இல்லை. உள்ளனுபவம் என்ற இடத்தில் இருவருமே வழுக்குகிறார்கள்: சித்தியார் யோகக்காட்சியைக் காண்டலுக்குள் சேர்க்கிறது, லோஜ்பான் கனவுக்குச் சொல் தருகிறது, பிறர் சோதிக்க இரண்டிலும் வழியில்லை. மணிமேகலையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் காண்டல், கருத்து என இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார். கேள்விப்பட்ட தண்ணீரை அவர் கருத்தில்தான் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தால், சொன்னவர் நம்பத்தக்கவரா என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது.