யார் பேசுகிறார்? நிக்கோபோல் படக்கதையும் அதன் கணினி ஆட்டமும்

பிரான்சு நாட்டுப் படக்கதை ஆசிரியர் என்கி பிலால் 1980, 1986, 1992 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட மூன்று நூல்கள் நிக்கோபோல் முத்தொகுதி எனப்படுகின்றன. 2023ஆம் ஆண்டின் பாரிசு நகரம், அதன் வானில் நிற்கும் எகிப்தியக் கடவுளரின் பிரமிடு, உறைநிலைத் தண்டனையிலிருந்து மீளும் நிக்கோபோல், அவன் உடலுள் புகும் ஹோரஸ் என்னும் கடவுள் ஆகியவை முதல் நூலின் அடிப்படைகள். 2008இல் ஒயிட் பேர்ட்ஸ் நிறுவனம் இதனைச் சொடுக்கி ஆடும் சாகசக் கணினி ஆட்டமாக்கிற்று. இத்தகைய மாற்றங்களில் ஓவியம் எவ்வளவு காக்கப்பட்டது என்பதே பெரிதும் நோக்கப்படுகிறது. தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் இடப்பாகுபாடு என்னவாயிற்று என்பது மொழிபெயர்ப்பாளருக்கு அதனினும் இன்றியமையாத வினா.

படக்கதையில் நிக்கோபோல் படர்க்கையான். வாசகர் அவனைக் காண்கிறார். பேச்சுக் குமிழியின் வால் பேசுபவர் இன்னார் எனக் காட்டிவிடுகிறது. ஆட்டத்திலோ காட்சி முழுவதும் நாயகனின் கண்வழியே விரிகிறது. உடல் மறைந்து, திரையில் நகரும் சுட்டுக்குறியே அவனுக்குக் கையாகிறது. தமிழ் வாசகருக்கு இது புதிதன்று. 1972இல் சிவகாசி முத்து காமிக்ஸ் அறிமுகப்படுத்திய இரும்புக்கை மாயாவியும் உடல் மறைந்து கை மட்டும் தெரிய நடமாடியவனே. ஆயினும் மாயாவியின் பேச்சுக்குக் குமிழி இருந்தது.

ஆட்டத்தின் பெருங்குறை வேறிடத்தில் உள்ளது. தண்டவாள இரும்பால் ஆன காலுடன் தந்தை நிக்கோபோலும் ஹோரசும் ஓருடலில் வாழ்வதே மூலத்தின் உயிர்நிலை. ஆட்டக்காரருக்குத் தரப்படுவதோ மகனின் இடம். ஒருடல் இருகுரல் என்னும் நிலையை ஆட்டக்காரர் தாமே ஏற்று ஆடும் வாய்ப்பு இதனால் நழுவிவிட்டது. தமிழில் இவ்விழப்பு இன்னும் கூர்மையாகத் தெரியும். பிரெஞ்சில் தன்மைப் பன்மைக்கு முன்னிலையாரை உளப்படுத்தும் வடிவம், உளப்படுத்தாத வடிவம் என்ற வேறுபாடு இல்லை. தமிழில் நிக்கோபோல் தன்னுள் உறையும் கடவுளிடம் 'நாம் போவோம்' என்பான். எதிர்நிற்கும் காவலனிடம் 'நாங்கள் போகிறோம்' என்பான். ஆட்டக்காரர் அந்த 'நாமி'ல் அடங்குவாரா என்பது மொழிபெயர்ப்பாளர் தீர்த்தேயாக வேண்டிய சிக்கலாகியிருக்கும்.

இவ்வகை ஆட்டங்களின் முன்னோடிகளில் சொற்றொடரமைப்பே இடர் தந்தது. 1987இல் வந்த மேனியாக் மேன்ஷன் போன்றவற்றில் வினையை முதலிலும் பொருளை அடுத்தும் சொடுக்க, கணினி அவற்றை ஒட்டி வாக்கியமாக்கும். தமிழில் வினை இறுதியில் நிற்பது. 'மரம்' 'மரத்தை' எனவும் 'வீடு' 'வீட்டை' எனவும் திரிவது. உருபை வெறுமனே ஒட்டினால் வாக்கியம் பிழைபடும். நிக்கோபோல் ஆட்டத்தில் வினைப்பட்டியல் இல்லாமையால் இத்தொல்லை இல்லை. எனினும் 'பூட்டியிருக்கிறது' என்பதில் மறையும் இடம், 'திறக்கமாட்டேன்' என்பதில் வெளிப்பட்டுவிடுகிறது.

மைசூரில் தொடங்கப்பட்ட தேசிய மொழிபெயர்ப்பு இயக்கம் அறிவுசார் நூல்களையே தன் எல்லையாக வகுத்துக்கொண்டது. ஆட்டப் பனுவல் அவ்வெல்லைக்குப் புறம்பானது. அது மொழிபெயர்ப்பாளர் கைக்குப் பெரும்பாலும் படமின்றி, உதிரித் தொடர்களின் பட்டியலாகவே வருகிறது. பேசுபவர் பெயரேனும் அதில் இருக்கக்கூடும். கேட்பவர் யார் என்பதற்கும் ஒரு நிரல் கேட்டுப் பெறாதவரை, 'நாம்', 'நாங்கள்' இரண்டில் எதை இடுவது என்பதை அப்பட்டியலைக்கொண்டு துணிய இயலாது.