ஏறும்போது 7, இறங்கும்போது 15: மலைநாட்டு வீதியில் ஒரு டபள் கெப்

நுவரெலியாவில் பம்பு முனை ‘டக்’கென்று நின்றபோது மீற்றர் 10.4 லீற்றர் காட்டியது. காலையில் கண்டியிலும் இப்படி முதல் ‘டக்’ வரை நிரப்பிவிட்டுத்தான் புறப்பட்டோம். வந்த தூரம் 77 கிலோமீற்றர், லீற்றருக்கு 7.4. பின்னேரம் அதே வீதியால் இறங்கி, காலையில் நின்ற அதே பெற்றோல் செட்டில், அதே பம்பில் நிரப்பினோம். 5.2 லீற்றர்தான் பிடித்தது. லீற்றருக்கு 14.8!

வண்டி, நண்பரொருவரின் டொயோட்டா ஹைலக்ஸ். 2.8 லீற்றர் டீசல் எஞ்சின், ஆறு கியர் ஓட்டோ, ஏறத்தாழ 2,100 கிலோ எடை. 1,600 சுற்றிலேயே 450 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை கிடைப்பதால், றம்பொடை வளைவுகளில் எஞ்சினை அலறவிடாமல் ஏறலாம். அந்த ஏற்றத்தில் இது எனக்கு மிகவும் பிடித்தது.

“லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?” என்று கேட்பவர்களுக்கு நான் இனி ஒற்றை எண் சொல்ல மாட்டேன். கண்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868 மீற்றர். கம்பளை வரை பெரிய ஏற்றம் இல்லை. புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை என்று மிச்சத் தூரத்தில்தான் அத்தனை உயரமும் ஏற வேண்டும். இரண்டு தொன்னைத் தாண்டிய ஒரு வண்டியை அவ்வளவு மேலே தூக்குவதற்கு மட்டுமே இரண்டேகால் லீற்றருக்குக் குறையாமல் டீசல் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். எவ்வளவு பக்குவமாக ஓட்டினாலும் இதில் மிச்சம் பிடிக்க முடியாது. பின்னால் 400 கிலோ உர மூட்டை ஏற்றினால் இன்னும் அரை லீற்றர் போகும். மரக்கறி மூட்டை மேலிருந்து கீழே வருவதால் டீசலை அதிகம் தின்னாது, ஆனால் பிரேக்கைச் சுட வைக்கும்.

சாரதியின் கெட்டிக்காரத்தனம் தெரிவது இறக்கத்தில்தான். நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். இன்றைய கொமன் ரெயில் டீசல் எஞ்சினில் நடப்பது நேர்மாறானது. கியரில் வைத்துக்கொண்டு அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர்கள் மூடிக்கொள்ளும். சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கவே டீசல் குடிக்கும், வண்டியின் பாரம் முழுக்க பிரேக்கில் விழும். புசல்லாவைக்குச் சற்று மேலே எங்களுக்கு முன்னால் போன வேனிலிருந்து கருகிய பிரேக் வாடை கண்ணாடியை மூடிய பிறகும் உள்ளே வந்தது. நாங்கள் மூன்றாம் கியரில் பிடித்து இறங்கினோம். அந்த நேரங்களில் டாஷ்போர்டிலிருந்த உடனடி நுகர்வு அளவு பூச்சியத்திலேயே கிடந்தது. தயவுசெய்து நியூட்ரலில் இறங்காதீர்கள். டீசலை விட உயிர் பெரிது.

போக வர 154 கிலோமீற்றருக்கு 15.6 லீற்றர். சராசரி கிட்டத்தட்ட 10. அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 போன்ற பெரிய பிக்கப்களின் அரசாங்க லேபிளில் கலனுக்கு 20 மைல் அளவில் போட்டிருப்பார்கள். நம் கணக்கில் அது லீற்றருக்கு எட்டரை. அதைப் பார்க்கும்போது மலையேறி இறங்கிய ஹைலக்ஸின் 10 நல்ல எண்.

ஆனால் கண்டி நகருக்குள் கதை வேறு. பாடசாலை விடும் நேரத்தில் வாவியைச் சுற்றி ஊர்ந்து, கெட்டம்பேயில் நின்று, பேராதனைப் பக்கம் போய்த் திரும்புவதென்று ஒரு கிழமை ஓட்டினேன். 118 கிலோமீற்றருக்கு 17.9 லீற்றர் போனது, லீற்றருக்கு 6.6. நுவரெலியா ஏற்றத்தை விட இது மோசம்.

2022 ஜூன் கடைசியில் ஓட்டோ டீசல் லீற்றர் 460 ரூபாயானதும், அடுத்த மாதம் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்ததும், செட் வாசலில் நாள்கணக்கில் வரிசையில் கிடந்ததும் இங்கே யாருக்கும் மறக்கவில்லை. அதனால் டீசல் செலவைப் பார்த்தே சொல்கிறேன்: தோட்டத்துக்கும் மரக்கறிக் கொல்லைக்கும் ஏறி இறங்குகிறவருக்கு இந்த வண்டி செலவழித்த டீசலுக்கு உழைத்துக் கொடுக்கும். பிள்ளைகளைப் பாடசாலையில் விட்டு, சந்தைக்குப் போய்வர மட்டும் தேவைப்படுகிறவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். அவருக்குச் சின்னக் கார் போதும். பழைய டபள் கெப் பார்க்கப் போகிறவர் விற்பவர் சொல்லும் எண்ணையோ டாஷ்போர்டு காட்டும் சராசரியையோ எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் ‘டக்’ வரை நிரப்பி, ஏறி இறங்கி வந்து, அதே பம்பில் திரும்ப நிரப்பிப் பாருங்கள்.