கொதிநீரும் கொழுந்தும்: மலையக ஆரம்ப ஆசிரியரின் விஞ்ஞானப் பயிற்சி

மலையகத்தில் விஞ்ஞானக் கல்வி பின்தங்கியுள்ளமைக்குக் காரணம் காண்போர், ஆய்வுகூடமின்மையையும் விஞ்ஞானப் பட்டதாரிகளின் பற்றாக்குறையையுமே பெரிதும் சுட்டுவர். இரண்டும் உண்மையே. ஆயினும் அவை இடைநிலைக் கல்விக்குரிய குறைகள். விஞ்ஞான நோக்கு அரும்பவேண்டிய ஆரம்ப வகுப்புகளின் ஆசிரியர் எவ்வாறு பயிற்றப்படுகிறார் என்பது போதிய கவனம் பெறாத வினாவாகும்.

1907ஆம், 1920ஆம் ஆண்டுச் சட்டங்கள் தோட்டப்பிள்ளைகளின் கல்வியைத் துரைமாரின் பொறுப்பாக்கின. அக்கல்வி எழுத்து, வாசிப்பு, எண் என்பவற்றுக்கு அப்பால் செல்லவில்லை. 1970களின் பிற்பகுதியில் அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையும், பின்னர் ஜெர்மனிய உதவியுடன் பத்தனையில் அமைந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் பயிற்சிக்கு வழிவகுத்தன. 1997ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்பதை ஆரம்ப வகுப்புகளுக்குரிய பாடமாக்கியது. எனவே, நிறுவனமும் உண்டு, பாடவிதானமும் உண்டு. பயிற்சியின் தரத்தை எக்கோலால் அளப்பது என்பதே எஞ்சியுள்ள பிரச்சினை.

டிக்கோயாவை உதாரணமாகக் கொள்வோம். அது கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. வளிமண்டல அமுக்கம் குறைவாதலால் அங்கு நீர் ஏறத்தாழ 96 பாகை செல்சியசிலேயே கொதிக்கும். நூலோ 100 பாகை என்கிறது. வெப்பமானி பழுது என்று கூறி நூலின் எண்ணையே எழுதுவிக்கும் ஆசிரியர், கண்டதைக் காட்டிலும் அச்சிட்டது பெரிது என்று கற்பிக்கிறார். முரண்பாட்டை வினாவாக்குபவரோ விஞ்ஞானத்தைக் கற்பிக்கிறார்.

தேயிலைத் தொழிற்சாலையும் அத்தகையதே. அங்கு 'நொதித்தல்' எனப்படும் கட்டத்தைத் தோசைமா புளிப்பதுபோல் நுண்ணங்கிகளின் செயலெனக் கருதுவது எளிது. உண்மையில், கொழுந்து உருட்டப்படும்போது கலங்கள் சிதைந்து, இலையிலுள்ள நொதியங்கள் வளியிலுள்ள ஒட்சிசனின் துணையுடன் நிகழ்த்தும் ஒட்சியேற்றமே அது. வாடுமுன்னும் வாடிய பின்னும் கொழுந்தை நிறுத்துப் பார்க்க ஒரு தராசு போதும், ஆய்வுகூடம் வேண்டியதில்லை.

தேயிலையைக் கொண்டு கற்பித்தல் பிள்ளையைத் தேயிலையோடு பிணித்துவிடாதா என்ற ஐயம் எழலாம். தோட்டத்துக்குத் தொழிலாளரை ஆயத்தம் செய்யும் கல்வியின் கசப்பை அறிந்த சமூகத்தில் இவ்வையம் நியாயமானதே. கொழுந்து பறிக்கப் பயிற்றுவதும் கொழுந்துக்கு என்ன நேர்கிறதென வினவப் பயிற்றுவதும் ஒன்றல்ல. முன்னையது பிள்ளையை உழைப்புக் கருவியாக்குவது. பின்னையது உற்பத்தி முறையையே ஆராயும் ஆற்றலை அளிப்பது. 1965இல் நிறைவுற்ற காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீர் எச்சுழலியைச் சுழற்றுகிறது, அம்மின்சாரம் எங்கே சென்றது, அயலிலுள்ள லயன்கள் ஏன் நெடுங்காலம் இருளில் கிடந்தன என்னும் வினாக்களும் தொழினுட்பக் கல்விக்கு உரியவையே.

ஆகவே, பாடக்குறிப்பையும் எழுத்துப் பரீட்சையையும் கொண்டு மட்டும் பயிற்சியை மதிப்பிடுதல் போதாது. பயிலுநர் தாமே அளந்து, நூலோடு ஒப்பிட்டு, வேறுபாட்டுக்குக் காரணம் காணும் செய்முறை பயிற்சியின் கட்டாயக் கூறாதல் வேண்டும். "எனக்குத் தெரியாது; அளந்து பார்ப்போம்" என்று வகுப்பில் தயங்காது கூறவல்ல ஆசிரியரை உருவாக்காத பயிற்சி, எத்தனை சான்றிதழ்களை வழங்கினும் விஞ்ஞானப் பயிற்சியாகாது.