பெரட்டுக்குப் பின் கூடும் சபை

லயத்துக் காம்பராவுக்குச் சுவர் உண்டு, மறைவு கிடையாது. பத்துக்குப் பன்னிரண்டடி அறைகள் ஒரே கூரையின்கீழ் வரிசையாக நிற்கும். பக்கத்துக் காம்பராவில் புருசனும் பெண்சாதியும் சண்டை பிடித்தால் இந்தப் பக்கத்தில் ஒரு சொல்லும் தப்பாமல் கேட்கும். ஞாயிறு ஆராதனையில் ஒருவர் எழுந்து "குடியை விட்டுவிட்டேன்" என்று சாட்சி சொன்னால், அது மெய்யா என்று அடுத்த சம்பள நாளில் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா வட்டாரங்களில் வளர்ந்தவர்களின் சீடத்துவம் இப்படிப்பட்ட இடத்தில்தான் உருவாகியிருக்கிறது. குருவானவரின் நற்சான்றைச் சுலபமாகப் பெற்றுவிடலாம். அடுத்த காம்பராக்காரியின் நற்சான்று அப்படிக் கிடைக்காது.

இந்தப் பரம்பரையின் முதல் பள்ளி உபதேசியாருடையது. தேயிலை மலையேறுவதற்கு முன்பே, கோப்பிக் காலத்தில், 1854ஆம் ஆண்டில், சி.எம்.எஸ். என்ற அங்கிலிக்கன் மிஷனரிச் சங்கமும் தோட்டத் துரைமாரும் சேர்ந்து 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற ஊழியத்தைத் தொடங்கினார்கள். திருநெல்வேலிச் சபைகளிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்திலும் லயத்து வாசலிலும் நின்று பேசினார்கள். கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து வாசனை இல்லை. ஆகவே பாடம் செவிவழியாகவே நடந்தது. விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த ஜெபம், பத்துக் கட்டளைகள் ஆகிய மூன்றையும் கேட்டுக் கேட்டு மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். நடத்தையும் அதற்கு ஒத்துவர வேண்டும். நாள் முழுக்க மலையில் நின்றவர் இருட்டியபின் வந்து உட்கார்ந்து கற்ற பாடம் அது.

அந்தப் பள்ளியின் பலவீனத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஊழியத்தின் செலவில் துரைமாரின் பணமும் இருந்தது. களவு செய்யாதிருப்பாயாக என்ற கட்டளையைத் தொழிலாளிக்குச் சொல்வதில் சிக்கல் எதுவும் இல்லை. மாதக்கணக்கில் கூலியை நிலுவையில் வைத்த துரையிடம் அதே கட்டளையைச் சொல்லும் துணிவு, அவர் கொடுத்த பணத்தில் சம்பளம் வாங்கியவருக்கு எளிதில் வந்திருக்காது. அடங்கி நடப்பவரே நல்ல கிறிஸ்தவர் என்ற எண்ணம் மலையில் வேர்விட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்தது. சபை வரலாற்றிலும் இது பெரிய திருப்பம், ஆனால் ஆலய மலர்களில் இதைக் காண்பது அரிது. கோப்பி பழம் பறிக்கும் பருவத்துப் பயிர். ஆட்கள் வருவார்கள், பறிப்பார்கள், ஊர் திரும்புவார்கள். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். அதனால் குடும்பங்கள் தங்கின. ஒரே முகங்கள் வாரம் தவறாமல் கூடும் சபை அதன்பிறகே சாத்தியமாயிற்று. நுவரெலியாவின் பரிசுத்த திரித்துவ ஆலயமும் (1852) டிக்கோயா வோர்லி ஆலயமும் (1878) துரைமாரின் கல்லறைகளோடு இன்றும் கம்பீரமாக நிற்கின்றன. தமிழ்ச் சபையின் தொட்டில் அவையல்ல, லயத்து வாசல்தான்.

மெதடிஸ்தரின் அளவுகோல் வேறு. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஆலயக் கட்டடக் கடனை அடைக்க ஒரு யோசனை எழுந்தது. உறுப்பினர்களைப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒரு தலைவர் வாரந்தோறும் வீடு வீடாகப் போய் ஆளுக்கொரு பென்னி வாங்கிவருவது என்பதே அது. போனவர்கள் காசை மட்டும் கொண்டுவரவில்லை. இந்த வீட்டில் சண்டை, அந்த வீட்டில் குடி என்ற செய்திகளோடும் திரும்பினார்கள். ஜோன் வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டார். கடன் வசூல் வகுப்புக் கூட்டமாயிற்று. மறு ஆண்டே அவர் விதிகளை அச்சிட்டார்: தீங்கு செய்யாதே, நன்மை செய், கடவுள் ஏற்படுத்திய ஆராதனை முறைகளைக் கைவிடாதே. 1814இல் காலியில் இறங்கிய மெதடிஸ்த மிஷனரிமார் கொண்டுவந்த சொத்துகளில் இந்த முறையும் ஒன்று. "இந்த வாரம் உன் ஆத்துமா எப்படி இருக்கிறது?" என்று பதினொரு பேருக்கு முன்னால் கேட்கப்படும் கேள்வி, பிரமாணத்தை ஒப்புவிப்பதைவிடக் கடினமானது. வகுப்புக் கூட்டம் என்ற பெயர் தேய்ந்துவிட்டாலும், வீடு மாற்றி வீடு நடக்கும் ஜெபக்கூட்டத்தில் அதன் சாயல் இன்னும் இருக்கிறது.

கத்தோலிக்கப் பங்குகளில் வளர்ந்தவர்களைப் பழக்கிய பெரிய பட்டறை மரியாயின் சேனை. 1921இல் டப்ளினில் பிறந்த இந்த இயக்கத்தில் செபத்தோடு வேலையும் கட்டாயம். இருவர் இருவராக வீடு சந்திக்க வேண்டும். போனதையும் கண்டதையும் அடுத்த கூட்டத்தில் சொல்ல வேண்டும். கொழுந்து நிறுக்கும்போது கணக்குச் சொல்லிப் பழகியவர்களுக்கு இந்த ஒழுங்கு அந்நியமாகத் தோன்றியிருக்காது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு அன்பியம் வந்தது: அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி வேதாகமத்தை வாசித்து, அதைத் தங்கள் பிரச்சினைகளோடு சேர்த்துப் பேசுவது. இந்தத் திசையில் அழுத்தமாக நடந்தவர் ஆயர் லியோ நாணயக்கார. கண்டி ஆயராக இருந்த அவர், 1972இல் புதிதாக உருவான பதுளை மறைமாவட்டத்துக்குப் போய், 1982இல் இறக்கும்வரை அதன் முதல் ஆயராகப் பணியாற்றினார். சிறு சமூகங்களே திருச்சபையின் அடித்தளம் என்பது அவர் நம்பிக்கை.

அதே 1972இல் கண்டியில் இன்னொரு பள்ளி திறந்தது, மணியோ மதகுருப் பீடமோ இல்லாமல். இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் தொடங்கிய சத்யோதய அது. முந்தைய ஆண்டுதான் தெற்கின் இளைஞர் கிளர்ச்சி இரத்தத்தில் முடிந்திருந்தது. தோட்டங்களில் 1973, 74 ஆண்டுகளின் பட்டினிச் சாவுகள் நெருங்கிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் சிங்களவரும் தமிழரும், பௌத்தரும் இந்துவும் கிறிஸ்தவரும் ஒரே வீட்டில் வாழ்ந்து, ஒரே சட்டியில் சமைத்ததைப் பகிர்ந்துண்டார்கள். 1979இல் இனங்களுக்கிடையே நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கம் உருவானபோது அதன் முன்வரிசையிலும் கஸ்பர்ஸ் இருந்தார். 2017இல் காலமாகும்வரை அவர் தோட்ட மக்களின் நிலையை எழுதுவதையும் பேசுவதையும் விடவில்லை. 1958இல் தொடங்கிய கிறிஸ்தவத் தொழிலாளர் தோழமையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. மே தினத்தைத் தொழிலாளர் வழிபாட்டு நாளாக்கியது அது.

இந்தப் பள்ளியின் கேள்வி, நீ யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்பது. மலையில் அது கூர்மையான கேள்வி. கங்காணி ஆள் கட்டிவந்தபோது உறவும் சாதியும் கூடவே வந்தன, லயங்களும் அப்படியே பிரிந்தன. 'மேல்' லயத்தாரும் 'கீழ்' லயத்தாரும் ஒரே கிண்ணத்தில் திருவிருந்து எடுக்கத் தயங்கிய இடத்தில், பிரமாணம் பிசகாமல் சொன்னவரும் தேறவில்லை என்றே கொள்ள வேண்டும். ஜெபக்கூட்டத்தார் சிலர் சத்யோதய போன்றவற்றை "அரசியல்" என்று ஒதுக்கினார்கள். அது அநியாயம். ஆனால் அறிக்கையும் ஆய்வுமாக ஓடும் குழுவுக்குத் தன் உறுப்பினரின் வீட்டுக்குள் நடப்பது தெரியாமல் போகலாம் என்பதும் உண்மை. ஜெபக்குழுவுக்கு வீடு தெரியும், சம்பளத் துண்டு தெரியாது. நிறை குறைந்து "அரைப்பேர்" (அரைநாள் கூலி) போடப்பட்ட அக்காவுக்காக ஜெபிப்பதோடு நின்றுவிடாமல், மறுநாள் அவருடன் தோட்டக் கந்தோர்வரை போகும் குழு இந்த இரண்டையும் அறிந்தது, அப்படிப்பட்டவை குறைவு.

பெந்தெகொஸ்தே சபைகள் தனிக் கட்டுரைக்கு உரியவை. 1920களில் போதகர் பால் இலங்கையில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனில் ஊழியர்கள் மணம் செய்யாமல், சம்பளம் வாங்காமல், 'விசுவாச வீடு'களில் சேர்ந்தே வாழ்கிறார்கள். தோட்டங்களில் பின்னாளில் பரவிய சிறு சபைகளில் பொதுவாழ்வு அவ்வளவு தூரம் போகாது. சாட்சியும் உபவாச ஜெபமும் முன்னிற்கும். குடியை நிறுத்தியவர்களைத் தாங்கிப் பிடிப்பதில் இவர்களுக்கு உள்ள கைத்திறனைப் பழைய சபைகள் ஒப்புக்கொள்ளத் தயங்குகின்றன.

எந்தப் பள்ளியானாலும் அடி விழுந்தது ஒரே இடத்தில்தான். 1948இல் தோட்டத் தமிழரின் குடியுரிமை பறிபோனது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேரை இங்கே வைத்துக்கொள்ளவும் கணக்குப் போட்டது. இருபது ஆண்டு ஒன்றாக ஜெபித்த குழுவில் பாதிப்பேர் தலைமன்னார் கப்பலுக்குப் போனால் மீதிப்பேர் எங்கிருந்து மறுபடி தொடங்குவது? இன்று அதே வேலையைக் கொழும்புக் கடைகளும் வளைகுடா வீட்டுவேலையும் சத்தமில்லாமல் செய்கின்றன. முப்பது வயதுக்காரரைக் காண விரும்பினால் தீபாவளிக்கோ கிறிஸ்மஸுக்கோ தோட்டத்துக்குப் போக வேண்டும். மற்ற நாட்களில் தொலைபேசிக் குழுவில் ஜெப விண்ணப்பம் வரும், பதிலாக "ஆமென்" போகும்.

ஆயினும் 2023இல், மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைந்தபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை முன்னோர் வந்த வழியில் மக்கள் நடந்தார்கள். தேசிய கிறிஸ்தவ மன்றமும் அதில் கைகோத்திருந்தது. துரைமாரின் பணத்தில் ஊழியம் தொடங்கிய காலத்தை நினைத்தால் இது சிறிய தூரமல்ல.

வீடும் மாறிவருகிறது. 2017 மே மாதம் நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர், ஏற்கெனவே திட்டமிட்ட 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். தனிவீடு மக்களின் நெடுநாள் உரிமை, அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. ஆனால் பொதுச்சுவர் தானாகத் தெரியப்படுத்தியதை இனி ஒருவருக்கொருவர் வலியச் சொல்ல வேண்டிவரும். வெஸ்லியின் கேள்வியை மறுபடி தூசி தட்டி எடுக்கலாம்.

அதைக் கேட்கப்போவது யார்? பிலிமத்தலாவையில் 1963 முதல் இயங்கும் இலங்கை இறையியல் கல்லூரி தமிழிலும் சிங்களத்திலும் போதகர்களைப் பயிற்றுவிக்கிறது. ஆனால் ஒரு போதகர் பல தோட்டங்களைப் பார்க்க வேண்டியிருப்பதால் மாதத்தின் மற்ற ஞாயிறுகள் சபையார் கையில்தான். நடைமுறையில் அந்தக் கை பெரும்பாலும் கொழுந்து பறிக்கும் பெண்களுடையது. ஜெபத்துக்கு ஆள் சேர்ப்பது, நோயாளியைப் பார்ப்பது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது எல்லாம் அவர்கள்தான். சபைக் குழுவின் பெயர்ப் பட்டியலைப் பார்த்தால், தலைவர், செயலாளர், பொருளாளர் என்று ஆண்களின் பெயர்களே நிறைந்திருக்கும்.