கள்ளப் பிரதியும் சிறு படைப்பாளியும்

கணினி விளையாட்டுக்களைப் பற்றி இலக்கியச் சஞ்சிகையொன்றில் எழுதுவது தகுமா எனச் சிலர் ஐயுறலாம். சினிமாவைப் பற்றியும் ஒருகாலத்தில் இவ்வாறே ஐயுற்றனர். நமது மாணவரின் மாலைப் பொழுதுகள் இன்று திரைகளின் முன்னே கழிகின்றன. அவர்கள் கணினியில் விளையாடுவனவற்றுட் பல பணங்கொடாது பெற்ற பிரதிகள் என்பதும் ஆசிரியர் அனைவரும் அறிந்ததே. இதைப் பற்றி முற்போக்காளரிடையே சுலபமான விடையொன்று நடமாடுகிறது: பெருமுதலாளி நிறுவனங்கள் கோடி கோடியாக இலாபம் பெறுகின்றன, அவற்றின் பொருளைப் பிரதி செய்வதில் என்ன குற்றம்? விடை பாதி உண்மை. பாதி உண்மையோடு திருப்தியடைவது நமக்குப் பழகிப்போன சோம்பலாதலின், இதனை ஓர் ஊரில் வைத்துச் சோதித்துப் பார்க்க விரும்புகிறோம்.

முறிகண்டியிலிருந்து மேற்கே செல்லும் வீதியில், குளத்தையும் வயலையும் நம்பி வாழும் அக்கராயனை எடுத்துக்கொள்வோம். 1990களில் வன்னிப் பெருநிலம் பொருளாதாரத் தடைக்குட் கிடந்தது. மின்சாரம் இல்லை, வானொலிக்கு இடும் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை இன்னும் அந்நிலத்தில் வாழ்கிறது. அந்நாளில் ஒரு படம் ஊருக்கு வந்ததென்றால் அது பிரதியின் பிரதியாகவே வந்தது. உரிமை பெற்ற பிரதியை விற்கக் கடையே இல்லாதவிடத்தில் ‘கள்ளம்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்? பின்னர் 2008இல் ஊரே இடம்பெயர்ந்தது. யுத்தம் முடிந்து மீண்டவர்கள் வீட்டையும் வரம்பையும் முதலிலிருந்து கட்டவேண்டியிருந்தது. பிரதி செய்யும் வழக்கம் இவ்வில்லாமையிலே பிறந்தது என்பதை மறந்து ஒழுக்கம் போதிப்பவரோடு நமக்கு உடன்பாடில்லை.

இன்று அத்தடை இல்லை. விலை என்ற வேலி இருக்கிறது. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர் சில மாதங்களில் 360 ரூபாவை எட்டியது. டொலரில் விலையிடப்பட்ட எதுவும் அவ்வாண்டில் வன்னி மாணவனின் கைக்கு எட்டாது போயிற்று. பணம் இருந்தாலும் கடனட்டை வேண்டும். கமக்காரர் வீடுகளில் கடனட்டையைத் தேடினால் எத்தனை அகப்படும்?

ஆயினும் விஷயம் இத்துடன் முடியவில்லை. அக்கராயனுக்கு அயலிலே, கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகிறது. அங்கே கணினியைக் கற்கும் இளைஞருள் இருவர் மூவர் சேர்ந்து நாளை ஒரு விளையாட்டை ஆக்கினாரெனக் கொள்வோம். இரண்டாண்டு உழைப்பை அவர்கள் விற்பனைக்கு வைக்கும் வாரத்திலேயே அதன் கள்ளப் பிரதியும் புறப்பட்டுவிடும். பெருமுதலாளிக்கென்று நாம் வைத்திருந்த விடையை இவர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

இது வெறுங் கற்பனையன்று என்பதற்கு ‘வெண்பா’ சான்று. கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ‘விசை கேம்ஸ்’ என்ற சிறு குழு 2023 யூலையில் வெளியிட்ட விளையாட்டு இது. 1980களில் கனடாவிற் குடியேறிய தமிழ்க் குடும்பமொன்றின் கதை. வெண்பா என்ற தாய், தன் தாய் தந்த சமையற் குறிப்பேட்டைப் பிரிக்கிறாள். தாள் கிழிந்து எழுத்து அழிந்து கிடக்கிறது. அழிந்த வரிகளை ஊகித்து இட்டலியையும் புட்டையும் சமைத்து முடிப்பதே விளையாடுபவரின் வேலை. (மாவையும் தேங்காய்ப்பூவையும் குழலில் மாறி மாறி இடுவதை அக்கராயனிற் பிறந்தவர்க்கு யாரும் கற்பிக்கவேண்டியதில்லை.) மகன் கவின் தாய்மொழியை விட்டு விலகிச் செல்வது கதையின் துயரம். பெற்றோர் நிலையான வேலைக்கு அலைவது உரையாடலில் மட்டும் வந்துபோகிறது. தொழிற்களத்தைக் கதை எட்டிப் பார்க்கவில்லை என்பது நமது குறை. எனினும் அழிந்த எழுத்தை மீட்கும் செயலையே ஆட்டமாக்கியமை அசலான சிருஷ்டி. 2024இல் பிரிட்டிஷ் திரைக் கழகமான ‘பாஃப்டா’ சிறந்த முதற் படைப்புக்கான விருதை இதற்கு வழங்கியது.

இவ்விளையாட்டு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வட அமெரிக்காவில் விலை 15 டொலர். கணினி விளையாட்டுக்களின் பெருஞ் சந்தையாகிய ‘ஸ்டீம்’ கடையின் விதிப்படி, வாங்கி இரு வாரத்துக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திரும்பப் பெறலாம். அதாவது, முழுக் கதையையும் அநுபவித்துவிட்டுச் சட்டப்படியே பணத்தை மீட்டுக்கொள்ள வழியுண்டு! அதே கடை விற்பனையில் பொதுவாக 30 வீதத்தைத் தன் பங்காக எடுத்துக்கொள்கிறது. கள்ளப் பிரதியாளனை மட்டும் கள்ளன் என்போர் இக்கணக்கையும் சற்றுப் பார்க்கவேண்டும்.

சிறு படைப்பாளிகள் இதற்கு என்ன செய்தனர்? சகோதரர் இருவர் நடத்திய ‘கிறீன்ஹார்ட் கேம்ஸ்’ 2013இல், விளையாட்டு நிறுவனமொன்றை நடத்துவதையே ஆட்டமாக்கி வெளியிட்டது. கூடவே, திரிக்கப்பட்ட பிரதியொன்றையும் அவர்களே கள்ளச் சந்தையில் விட்டனர். அதில் விளையாடுபவரின் கற்பனை நிறுவனம் கள்ளப் பிரதியாலேயே நொடித்துப்போகும். முதல் நாளில் விலைகொடுத்தவர் 214 பேர். திரிந்த பிரதியை ஆடியவர் 3,104 பேர். இலவசமாகப் பெற்றவர்களே, ‘எங்கள் நிறுவனத்தைக் கள்ளர் அழிக்கிறார்களே’ என்று முறையிட்டார்களாம். நல்ல நகைச்சுவை, ஆனால் அதனால் 3,104 பேரின் வறுமையோ அலட்சியமோ எது காரணம் என்பது தெளிவாகவில்லை. படைப்பாளி இங்கே பொலிஸ்காரனின் தொப்பியை அணிந்துகொண்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

போலந்து நாட்டின் ‘அசிட் விசார்ட்’ குழுவினர் நடந்துகொண்ட விதம் வேறு. 2017இல், மாதக் கடைசியில் பற்றுச்சீட்டைக் கண்டு பெற்றோர் வருந்துவர் என்று அஞ்சி ஒருவர் ‘டார்க்வுட்’ என்ற அவர்களது விளையாட்டைத் திருப்பிக் கொடுத்தார். அதைக் கண்டு குழுவினர் தாமே பழுதற்ற பிரதியொன்றைக் கள்ளச் சந்தையில் இலவசமாக வைத்தனர். பிடித்திருந்தால் வசதி வரும்போது வாங்குங்கள் என்றனர். பெருந்தன்மை போற்றத்தக்கது. ஆனால் பெருந்தன்மை மாதாமாதம் வாடகை கட்டுமா?

அதே நாட்டில் அதற்கு முன்பே நடந்ததொன்று நமக்கு அதிகம் பயன்படும். கள்ளப் பிரதி சந்தைகளிற் குவிந்து கிடந்த 1990களில், ‘சிடி புறொஜெக்ட்’ என்ற சிறு விநியோகக் கம்பனி ஒரு வெளிநாட்டு விளையாட்டைப் போலந்து மொழியில், நாடறிந்த நடிகரின் குரல்களோடு 1999இல் வெளியிட்டது. பெட்டிக்குள் வரைபடமும் இசைத்தட்டும் வைத்தது. கள்ளப் பிரதி மலிவாக இருக்கவும், முதல் நாளில் 18,000 பெட்டிகள் விற்றன. தமது மொழியிற் பேசும் பொருளுக்கு மக்கள் பணங்கொடுத்தனர்! தமிழ்ப் படைப்பாளி இதைக் கருத்திற் கொள்ளவேண்டும். அக்கம்பனி பின்னர் வளர்ந்து பெருத்து, 2020இல் தன் தொழிலாளரை வாரத்தில் ஆறு நாள் உழைக்கச் சொன்ன கதையையும் சேர்த்தே நினைவிற் கொள்க. 2023இல் உலகெங்கும் இத்தொழிலிலிருந்து பத்தாயிரம் பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டனர். அவர்களை வீதிக்கு அனுப்பியவை முதலாளிமாரின் கணக்கேடுகள். அக்கராயனின் பிரதியாளருக்கு அதிற் பங்கில்லை.

சட்டத்தைப் பற்றி அதிகம் பேசவேண்டியதில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் காக்கிறது. வழக்காடப் பணமுள்ளவனுக்கு அது துணை. பூட்டுக்கள்? அவை விலைகொடுத்து வாங்கியவனையே முதலில் இடறுகின்றன. இணையம் அறுந்துபோகும் கிராமத்தில் அவனாற் கதவைத் திறக்கவே முடியாது.

ஆகவே வன்னியின் சிறு படைப்பாளி வேறொரு வாசலைத் தேடவேண்டும். நமது ஊர்களில் சனசமூக நிலையம் என்றொரு பழைய நிறுவனம் உண்டு. அது ஒரு பத்திரிகையைப் பணங்கொடுத்து வாங்குகிறது. ஊரார் பலர் வாசிக்கின்றனர். பத்திரிகைக்காரருக்கும் கூலி சேர்கிறது. இதனைக் களவு என்று எவருஞ் சொல்லியதில்லை. அதேபோல் ஊருக்கென்று ஒரு விலை, பாடசாலைக்கென்று ஒரு விலை என வைத்து, தமிழில், இணையமின்றியும் இயங்கும் பிரதியைப் படைப்பாளி நேரே கொடுக்கலாம். முப்பது வீதம் கேட்கும் கடை இடையில் இராது. படைப்பாளிகள் பலர் கூட்டுறவாகச் சேர்ந்தால் விநியோகச் செலவும் பகிரப்படும். கூட்டுறவுச் சங்கங்கள் வேரூன்றிய வடபகுதிக்கு இது புதிய வித்தையன்று.

இதற்குத் தடையாக நிற்பவர் மாணவர் மட்டுமல்லர். சக ஆசிரியரின் பயிற்சி நூலை ஒன்று வாங்கி நாற்பது பிரதி எடுத்து வகுப்பிற் பரப்பும் ஆசிரியரை நாம் எல்லோரும் அறிவோம். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கும் நூல் தேவை என்பது உண்மை. அதை எழுதியவருக்குப் பாடசாலை ஏதேனும் கொடுத்ததா என்று ஆசிரியர் கூட்டங்களில் எவர் கேட்டார்? இக்கேள்வியை விளையாட்டு ஆக்கும் இளைஞருக்காகவும் கேட்கலாம். நிலையம் ஆண்டுக்கு எவ்வளவு கொடுக்க இயலும் என்பதை அதன் பொதுக்கூட்டமே தீர்மானிக்கட்டும். பத்திரிகைச் சந்தாவை இன்றும் அதுதானே தீர்மானிக்கிறது.